தங்க வயலின் நாலு மணித் தேநீர்

இன்று பெரிய நட்சத்திர ஹோட்டல்களில் மாலை வேளையில் 'ஹை டீ' என்று ஒரு வைபவம் நடக்கிறது. மூன்றடுக்குத் தட்டில் வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஸ்கோன், கேக் என்று வரிசையாக வைத்து, பீங்கான் கெட்டிலில் டீ கொண்டு வருவார்கள். பெங்களூர், சென்னை, மும்பை என்று எந்த ஊரிலும் பிள்ளைகள் பெற்றோரின் சஷ்டியப்தபூர்த்தி, பிறந்த நாள் போன்ற சந்தர்ப்பங்களில் அழைத்துப் போவது சகஜமாகிவிட்டது. ஆனால் சரித்திரப்படி அந்தப் பெயர் பொருத்தமானதல்ல. இங்கிலாந்தில் பிரபுக்கள் வீட்டு மாலை உபசாரத்துக்கு 'ஆஃப்டர்நூன் டீ' என்றே பெயர். 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் சீமாட்டி ஆன்னா அதைத் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். 'ஹை டீ' என்பது வேலை முடிந்து பசியோடு வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் உயரமான சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரொட்டி, மாமிசம், டீ என்று வயிறாரச் சாப்பிட்ட இரவு உணவு.

இந்த இரண்டு விதமான டீயும் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்த இடம் ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. அதுதான் கோலார் தங்க வயல்.

குட்டி இங்கிலாந்து

1802-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1870-களில் பெங்களூரில் குடியேறியிருந்த லவேல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் தோண்ட அனுமதி பெற்றார். பெங்களூரின் லவேல் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த பிறகுதான் சுரங்கத் தொழில் சூடு பிடித்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் என்ற நான்கு சுரங்கங்கள் பிரசித்தி பெற்றன.

அதிகாரிகளோடு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து அனுபவமுள்ள சுரங்கத் தொழிலாளர்களும் வந்தார்கள். அங்கே செம்பு, தகரச் சுரங்கங்கள் நொடித்துப் போனதால் உலகெங்கும் பிழைப்புத் தேடிப் போனவர்கள் அவர்கள். கார்ன்வாலில் டீயோடு தின்னும் பன் ஒன்றில் குங்குமப்பூ சேர்ப்பது வழக்கம். பால் பாயசத்தில் குங்குமப்பூ போடுகிற நமக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம்.

கிளப், கோல்ஃப் மைதானம், ஓட்டுக்கூரை பங்களாக்கள், தேவாலயங்கள் என்று ஊர் வளர்ந்தது. குளிர்ந்த காற்றும் சேர்ந்துகொள்ள, 'குட்டி இங்கிலாந்து' என்றே பெயர் வந்துவிட்டது. பங்களா வராந்தாவிலும் கிளப்பிலும் மாலை டீ என்பது நித்திய கர்மானுஷ்டானம் மாதிரி தவறாமல் நடந்தது.

தண்ணீரும் மின்சாரமும்

ஒரு கோப்பை டீக்கு முதலில் வேண்டியது தண்ணீர். தங்க வயலோ வறண்ட பூமி. பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டு வந்த பிறகே ஊர் மூச்சு விட்டது.

மின்சாரக் கதை இன்னும் சுவாரசியமானது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோ மீட்டர் தூரம் கம்பி இழுத்து 1902-ல் தங்க வயலுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் நகரத் தெருவிளக்குகள் எரிந்ததோ 1905-ல்தான். இந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் மைசூர் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்த ஸர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுச் சீமையில் பிறந்த நம்மவர். விளக்கு எரிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1901-லேயே காலமாகிவிட்டார்.

பூமிக்கு அடியில்

கிளப்பில் கோப்பைகள் குலுங்கிய அதே மாலை நேரத்தில் பூமிக்கு அடியில் ஷிப்ட் நடந்துகொண்டிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம் போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். திடீர் திடீரென்று பாறை வெடித்துச் சிதறி உயிர்கள் போவதும் உண்டு.

அங்கே இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் தீண்டாமைக்கும் தப்பி வந்த தமிழ் பேசும் ஆதிதிராவிட மக்கள். 'லயன்' எனப்பட்ட வரிசைக் குடிசைகளில் வசித்தார்கள். ஆனாலும் அறிவுத் தாகம் மிகுந்த சமூகம் அது. அயோத்திதாசப் பண்டிதரின் மறைவுக்குப் பிறகு அவருடைய 'தமிழன்' பத்திரிகை தங்க வயலிலிருந்து வெளிவந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

இவர்களுக்கு டீ பழகியது எப்படி? இந்தியர்கள் ஆதியில் டீ குடித்தவர்கள் அல்ல. விளைந்த டீயில் பெரும் பகுதி கப்பலேறிப் போயிற்று. 1903-ல் தேயிலைக்கு 'செஸ்' வரி விதித்து, அந்தப் பணத்தில் உள்நாட்டிலும் பிரசாரம் செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் டீக்கடை வைக்கச் செய்தார்கள். களைத்த உடம்புக்குச் சர்க்கரை போட்ட சூடான டீ தெம்பு தரும், உற்பத்தியும் பெருகும் என்பது முதலாளிகளின் கணக்கு. கண்ணாடி கிளாஸில் ஆற்றிக் கொடுக்கும் டீ இவ்வாறு உழைப்பாளியின் பானமாயிற்று. அந்தத் தேயிலையை நீலகிரியிலும் இலங்கையிலும் பறித்ததும் தமிழ்க் கைகளே.

நம் வீட்டு டபரா

கிளப்புக்கும் லயனுக்கும் நடுவே கணக்கர், குமாஸ்தா, ஆசிரியர், டாக்டர் என்று உத்தியோகம் பார்த்த நம்மவர்கள் இருந்தார்கள். நம் வீடுகளில் மூன்று மணிக்குப் பித்தளை பில்டரில் டிகாக்ஷன் இறங்கும். டபரா டம்ளரில் நுரை ததும்பும். கூடவே டிபன். 'டிபன்' என்ற சொல்லே வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது. அவனுக்கு அது பகல் சாப்பாடு. நமக்கோ மத்தியானத்துக்கு மேல் சாப்பிடும் பஜ்ஜி, கேசரி, உப்புமா. டீ என்பது ஜுரம் வந்தால் இஞ்சி தட்டிப் போட்டுக் குடிப்பது என்ற அளவில் நின்றது. காபி நம் வீட்டு அடையாளம், டீ தெருவின் அடையாளம் என்ற பிரிவினை எப்படி வந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

நம் பெரியவர்கள் தயங்கிச் சொல்லும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் அன்று இந்தியருக்குச் சரிசமமான இடம் இல்லை என்று நாம் மனம் புழுங்கினோம். நியாயம்தான். ஆனால் நம் வீட்டு வாசலுக்கு வந்த தொழிலாளிக்குத் தனி டம்ளர், அதுவும் தூக்கி ஊற்றுவது என்ற வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. பெங்களூரின் புகழ்பெற்ற எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கியபோது அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941-ல்தான் ஒழிந்தது. ருசிக்கும் ஆசாரத்துக்கும் பேர் வாங்கிய அந்தப் பலகைகள் சிலரை வெளியே நிறுத்தவும் செய்தன. ஒரே ஊரில் பீங்கான் கோப்பை, டபரா, கண்ணாடி கிளாஸ் என மூன்று பாத்திரங்கள் இருந்தன. அவரவர் பாத்திரத்தோடு அவரவர் இருந்தார்கள்.

சங்கு ஓய்ந்த பிறகு

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது; 1962-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது; 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. கிளப்பின் கதவுகளும் நம்மவர்க்குத் திறந்தன. தாது குறைந்து செலவு கூடியதால் 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த ஊர் ஒரே நாளில் வேலை இழந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் விடியுமுன்னே எழுந்து மாரிகுப்பம், ஊரிகாம் நிலையங்களில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய் வேலை பார்த்து இரவில் திரும்பும் வாழ்க்கைக்கு மாறினார்கள். இவர்களில் சுரங்கத் தொழிலாளியின் பேரனும் உண்டு, குமாஸ்தாவின் பேத்தியும் உண்டு. நடைமேடையில் இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரிக் கப்பில் டீ வாங்கிக் குடிக்கிறார்கள். அதை யாரும் விசேஷமாகக் கவனிப்பதுகூட இல்லை. நூறு வருஷத்துக்கு முன் இது நடந்திருக்குமா என்று யோசித்தால் அதன் அருமை புரியும்.

நம் அங்கத்தினர்களில் தங்க வயலில் பிறந்து வளர்ந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது இருக்கும். மாலையில் காபி கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஊரில் யார் யாரோடு உட்கார்ந்து குடித்தார்கள், யார் வாசலிலேயே நின்றார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பெருமையான விஷயங்களோடு சங்கடமான விஷயங்களையும் எழுதுங்கள். ஆபீஸ் தஸ்தாவேஜுகளில் எத்தனை அவுன்ஸ் தங்கம் என்ற கணக்கு பத்திரமாக இருக்கிறது. இந்தக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.