சாப்பிட மாட்டேங்கிற பிள்ளையும், குற்றவாளிக் கூண்டில் நின்ன அப்பா அம்மாவும்

நீளமான த்ரெட் மக்களே. வீட்ல பதின்ம வயசுப் பிள்ளை இருந்தா பொறுமையா படிங்க.

சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பேர் போன ஊர். ஆடித்தபசு வந்தா அதே ஊர்ல பல வீட்ல விரதம். விரதம் நோய் கிடையாது. முடிஞ்சதும் இலை போட்டு உக்காந்துடுவாங்க. ஆனா விரதம், பரீட்சை டென்ஷன், அல்சர்னு பல பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிற நோய் ஒண்ணு இருக்கு: அனோரெக்சியா நெர்வோசா. எடை குறைஞ்சுக்கிட்டே போகும், பிள்ளை சாப்பிடாது. நம்ம ஊர்ல "குண்டாயிடுவேன்"னு சொல்லணும்னு கூட அவசியமில்ல. 1995ல டெல்லி டாக்டர்கள் எழுதின ஐந்து நோயாளிகள்கிட்ட அந்தப் பயம் வெளிப்படையா தெரியல. "பசிக்கல, வயிறு நிறைஞ்சிருக்கு"ன்னு சொன்னா நாம எண்டோஸ்கோபிக்குத்தானே ஓடுவோம்?

இந்த நோய்க்குப் பேர் வெச்சவர் லண்டன் டாக்டர் வில்லியம் கல், 1870கள்ல. அதே சமயம் பாரிஸ்ல லாசேக்னு ஒருத்தர், குடும்பத்துக்கிட்ட இருக்குறது ரெண்டே ஆயுதம்னு எழுதினார்: கெஞ்சுறது, மிரட்டுறது. உங்க வீட்டு டைனிங் டேபிள் ஞாபகம் வருதா?

கல் என்ன முடிவுக்கு வந்தார்னா, நோயாளியைப் பார்த்துக்க சொந்தக்காரங்கதான் ரொம்ப மோசமான ஆள்கள். பிரிச்சு வைங்க! அந்த முடிவு நூறு வருஷம் ஓடிச்சு. அம்மாதான் காரணம்னு தியரி எழுதினவங்களும் உண்டு. பிள்ளை வார்டுல எடை ஏறும், வீட்டுக்கு வந்ததும் திரும்ப இறங்கும்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நம்ம பக்கமே நடந்துட்டு இருந்துச்சு. 1950கள்ல அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர் மனநோயாளிகளோட குடும்பத்தையும் ஆஸ்பத்திரி வளாகத்துலயே கூடாரம் போட்டுத் தங்க வெச்சார். வேலூர் சி.எம்.சி. 1957ல பாகாயத்துல திறந்த மனநல மையத்துலயும் நோயாளியோட வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும். இது உணவுக் கோளாறுக்காக ஆரம்பிச்சதில்ல, ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம்தான். ஆனாலும் குடும்பத்தை விரட்டாம சிகிச்சைக்குள்ள இழுத்தாங்க பாருங்க, அதுதான் விஷயம்.

லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரி இதைச் சோதிச்சுப் பார்த்தது பின்னாடிதான். 1987ல வெளியான ஆய்வு, 80 நோயாளிகள். வார்டுலேருந்து வீட்டுக்குப் போனதும் பாதிப் பேருக்குத் தனியா பேச்சு சிகிச்சை, பாதிப் பேருக்குக் குடும்பத்தோட. 19 வயசுக்குள்ள ஆரம்பிச்சு, மூணு வருஷம் தாண்டாத அனோரெக்சியாவுக்குக் குடும்ப சிகிச்சை தெளிவா ஜெயிச்சுது. அந்தக் குரூப் சின்னதுதான், ஆனா அஞ்சு வருஷம் கழிச்சும் வித்தியாசம் நின்னுச்சு. 2010ல அமெரிக்காவுல 121 பிள்ளைகள்: சிகிச்சை முடிஞ்சு ஒரு வருஷத்துல முழுசா தேறினவங்க குடும்ப சிகிச்சையில 49%, தனிச் சிகிச்சையில 23%. பாதிப் பேர் முழுசா தேறலைங்கிறதையும் சேர்த்தே படிங்க.

இதுல என்னதான் பேசுறாங்க? "ஏன் சாப்பிடல?"ன்னு தோண்டுறது இல்ல. யார் மேலயும் பழி இல்ல. முதல் கட்டத்துல ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பொறுப்பு அப்பா அம்மா கையில. எவ்வளவு, எப்போன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க, பக்கத்துல உக்காந்து முடிக்க வைப்பாங்க. குடும்பமே சாப்பாடு கட்டிட்டு வந்து தெரபிஸ்ட் முன்னாடி சாப்பிடுற ஒரு நாளும் உண்டு. எடை ஏற ஏற பொறுப்பு பிள்ளைகிட்ட திரும்பும். கெஞ்சலும் கிடையாது, மிரட்டலும் கிடையாது. நம்ம வீடுகள்ல இன்னொரு சிக்கல், அம்மா பரிமாறினதைப் பாட்டி "போதும் விடு"ம்பாங்க. பாட்டியையும் கூட்டிட்டு வாங்கன்னுதான் நான் சொல்வேன்.

பெரியவங்களுக்கு வந்த அனோரெக்சியால இவ்வளவு தெளிவு இல்ல. ஜெர்மனியில 242 பேர்கிட்ட மூணு விதச் சிகிச்சையை ஒப்பிட்ட 2014 ஆய்வுல மூணும் கிட்டத்தட்ட சமம்.

அளவுக்கு மீறிச் சாப்பிட்டு வாந்தி எடுக்குற புலிமியா வேற கதை. கோபன்ஹேகன்ல 70 பேர். ரெண்டு வருஷம் வாராவாரம் மனப்பகுப்பாய்வு வாங்கினவங்கள்ல கடைசியில நோய் நின்னது 15%. அஞ்சே மாசத்துல 20 தடவை சி.பி.டி. வாங்கினவங்கள்ல, அதே ரெண்டு வருஷ முடிவுல 44%. அதனால "கவுன்சிலிங் போறோம்"னு சொன்னா என்ன கவுன்சிலிங்னு கேளுங்க.

மயக்கம், ரொம்பக் குறைஞ்ச நாடித்துடிப்பு, தொடர் வாந்தி இருந்தா பேச்செல்லாம் அப்புறம். பொட்டாசியம் இறங்கினா இதயம் நின்னுடலாம். முதல்ல அட்மிஷன். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு வீட்ல ஒரேயடியா ஊட்டுறதும் ஆபத்து.

சங்கரன்கோவில் சுத்துவட்டாரத்துக்கு திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. போன்ல கேக்கணும்னா டெலி மானஸ் 14416, இலவசம். போகும்போது பிள்ளையோட பழைய எடை எழுதின ஸ்கூல் ரெக்கார்டு இருந்தா எடுத்துட்டுப் போங்க.