டட்சன்: இருமுறை மறைந்த ஒரு பெயர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில், என் சித்தப்பா வீட்டு வாசலில் ஒரு வெள்ளை நிறச் சிறிய கார் நிற்கிறது. 2014ஆம் ஆண்டு வாங்கியது. எண் பலகையில் பி-ஒய் 01 என்று தொடங்கும் புதுச்சேரிப் பதிவு எண். முன்முகத்தில் நீல நிறத்தில் ஒரு சின்னம், அதில் 'டட்சன்' என்ற பெயர். தெருவில் விளையாடும் பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, இது எந்தக் கம்பெனி வண்டி?" என்று கேட்பார்கள். கேள்வியில் பிழையில்லை. அப்பெயரில் இன்று உலகில் எங்கும் புதிய கார் விற்பனைக்கு வருவதில்லை.

சித்தப்பா அந்தக் காரை வாங்கியதற்குக் காரணம் விலையோ எரிபொருள் சிக்கனமோ அல்ல, பெயர்தான். இளமையில் வளைகுடா நாட்டுக்குப் போய் ஓட்டுநராக வேலை பார்த்தவர். எண்பதுகளில் அங்கே அவர் கையில் இருந்தது ஒரு டட்சன் பிக்கப் வண்டி. பாலைவனத்து வெயிலிலும் மணலிலும் ஒருநாள்கூட வழியில் நிற்கவில்லை என்பதை இன்றும் சொல்வார். இரண்டு தங்கைகளின் திருமணமும் இந்த வீட்டின் மேல்தளமும் அந்த வண்டியில் ஓடிச் சம்பாதித்தவை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பெயரை நேரு வீதியில் ஒரு விளம்பரப் பலகையில் கண்டபோது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். வீட்டில் எல்லோரும் வேறு வண்டிகளைச் சொன்னார்கள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

ஒரு பெயரை நம்பி ஒருவர் தம் சேமிப்பைக் கொடுக்கிறார். அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையில் என்ன இருந்தது? இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்தது.

*

1911ஆம் ஆண்டு, தோக்கியோ நகரில் ஹாஷிமோட்டோ மசுஜிரோ என்ற பொறியாளர் 'க்வாய்ஷின்ஷா' என்ற பெயரில் ஒரு சிறு மோட்டார்ப் பட்டறையைத் தொடங்கினார். ஜப்பானில் அன்று ஓடிய கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் சரக்கு. உள்நாட்டிலேயே ஒரு காரைச் செய்துவிட வேண்டும் என்பது அவர் கனவு. கனவுக்குப் பணம் தந்தவர்கள் மூவர்: டென் கென்ஜிரோ, அவோயாமா ரொகுரோ, தகேயுச்சி மெய்தாரோ. 1914இல் உருவான காருக்கு ஹாஷிமோட்டோ தம் பெயரைச் சூட்டவில்லை. அம்மூவரின் குடும்பப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளான டி, ஏ, டி மூன்றையும் சேர்த்து 'டாட்' என்று அழைத்தார். பாய்ந்தோடும் முயலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான 'டட்டோ'வையும் அது நினைவூட்டியது. நன்றிக்கடனும் வேகமும் ஒரே பெயரில் அமைந்தன. (மூவரில் ஒருவரான தகேயுச்சிதான் பிற்பாடு கொமாட்ஸு நிறுவனம் பிறக்கக் காரணமானவர். மண்வாரி இயந்திரங்களில் நாம் காணும் அதே கொமாட்ஸு.)

1930இல் ஜப்பான் அரசு, 500 சிசிக்கு உட்பட்ட சிறு கார்களை ஓட்டுநர் உரிமம் இல்லாமலே ஓட்டலாம் என்று விதியைத் தளர்த்தியது. அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டு 1931இல் ஒரு சிறிய கார் உருவானது. 'டாட்' என்ற பெரிய வண்டியின் பிள்ளை என்ற பொருளில் அதற்கு 'டாட்சன்' என்று பெயரிட்டார்கள். மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் ஈற்றில் நின்றது. இங்கேதான் ஒரு சுவையான சிக்கல். 'ஸொன்' என்ற ஒலிக்கு ஜப்பானிய மொழியில் 'நட்டம்' என்று பொருள். வணிகம் செய்யப் போகிறவன் பெயரிலேயே நட்டத்தை வைத்துக்கொள்வானா? ஆங்கில எழுத்தில் ஓ இருந்த இடத்தில் யூ வந்தது. மகன் கதிரவன் ஆனான். கதிரவன் அந்நாட்டின் கொடியிலேயே இருப்பவன். டட்சன் என்ற பெயர் நிலைபெற்றது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. நம் ஊரின் பெயரும் ஓரெழுத்தில் தடம் மாறியதாகச் சொல்வதுண்டு. புதுச்சேரி என்பதை ஐரோப்பியர் தம் எழுத்தில் எழுதியபோது, யூ என்ற எழுத்தை எவரோ என் என்று படித்துவிட, அது பாண்டிச்சேரி ஆயிற்று என்பது அக்கதை. மெய்யோ பொய்யோ, 2006 அக்டோபர் முதல் நாள் ஊர் மீண்டும் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. மக்கள் நாவில் இன்றும் 'பாண்டி'தான். காரின் எண் பலகையிலுள்ள பி, ஒய் எழுத்துகளோ பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் ஒருசேரப் பொருந்தி நிற்கின்றன.

*

அந்தச் சிறு நிறுவனம் அய்க்காவா யோஷிசுகே என்ற தொழிலதிபரின் கைக்கு வந்து, 1934இல் நிஸான் மோட்டார் என்ற பெயரைப் பெற்றது. 1935இல் யோகஹாமா ஆலையிலிருந்து வரிசைத் தயாரிப்பில் வெளிவந்த டட்சன் கார்களின் முகப்பில் பாயும் முயலின் சிறு உருவம் இருந்தது. நிறுவனம் நிஸான், கார் டட்சன் என்ற ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு நீடித்தது.

உலகம் அந்தப் பெயரை அறிந்துகொண்டதில் கத்தாயாமா யுத்தாகா என்பவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1958இல் ஆஸ்திரேலியக் கண்டத்தையே சுற்றிவரும் கடும் பந்தயம் ஒன்றில், ஃபூஜி, சக்குரா என்று பெயரிட்ட இரண்டு டட்சன் கார்களோடு கலந்துகொண்ட அணியை நடத்தியவர் அவர். ஃபூஜி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. போரில் தோற்று, தரமற்ற பொருள்களைச் செய்யும் நாடு என்று பெயரெடுத்திருந்த ஜப்பானுக்கு அது சிறிய வெற்றியன்று. 1960இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட கத்தாயாமா, வாடிக்கையாளரின் குறைகளைக் கேட்டுக் கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினார். 1969இல் அறிமுகமான விளையாட்டுக் காருக்கு ஜப்பானில் 'ஃபேர்லேடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்கர்களிடம் அந்தப் பெயர் எடுபடாது என்று கருதிய அவர், இறக்குமதியான வண்டிகளிலிருந்து அப்பெயரை நீக்கி '240 இசட்' என்று விற்றார். அந்த வண்டி அங்கே வரலாறு படைத்தது. 105 வயது வரை வாழ்ந்து 2015இல் மறைந்தார் கத்தாயாமா.

எழுபதுகளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் டட்சன் நடுத்தரக் குடும்பங்களின் வண்டியானது. அந்நாடுகளுக்குப் பிழைக்கப் போன தமிழர் பலரின் நினைவில் அப்பெயர் இருப்பது அதனால்தான். இந்தியாவிலோ அந்நாளில் கார் இறக்குமதிக்கு வழியில்லை. நிஸானின் தொழில்நுட்பம் மட்டும் ஜபல்பூரில் தயாரான 'ஜோங்கா' என்ற இராணுவ வண்டி வடிவில் 1969 முதல் நம் நாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பெயர் புகழின் உச்சியில் இருந்தபோதே அதைக் கைவிட நிறுவனம் முடிவு செய்தது. 1981இல் அறிவித்தார்கள், இனி எல்லா நாடுகளிலும் நிஸான் என்ற ஒரே பெயர். 1986க்குள் டட்சன் மறைந்தது. உரிமையாளர்களிடம் யாரும் கேட்கவில்லை. கார் வாங்கியவருக்கு இரும்பும் சக்கரமும் சொந்தம். பெயர் மட்டும் எப்போதும் நிறுவனத்துக்கே சொந்தம்.

*

இனிக் கதை நம் பக்கம் திரும்புகிறது. கடனில் தத்தளித்த நிஸானோடு 1999 மார்ச்சில் பிரெஞ்சு நிறுவனமான ரெனோ கைகோத்தது. அக்கூட்டணி 2010 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள ஒரகடத்தில் ஒரு பெரிய ஆலையைத் திறந்தது. இதே ஒரகடத்தில் முன்னர் சொன்ன கொமாட்ஸுவுக்கும் ஓர் ஆலை உண்டு என்பதை எண்ணும்போது, நூறாண்டுக்கு முந்தைய அந்தத் தோக்கியோ நண்பர்கள் தமிழ்நாட்டு ஏரிக்கரைகளின் நடுவே மறுபடி சந்தித்துக்கொண்டதுபோலத் தோன்றுகிறது. பிரெஞ்சுக்காரர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்து நடத்திய ஆலையில் தமிழ்நாட்டு இளைஞர்கள் செய்த கார், முன்னாள் பிரெஞ்சு நகரமொன்றின் தெருவில் ஓடுவது இன்னொரு பொருத்தம்.

2012 மார்ச்சில், இரு நிறுவனங்களுக்கும் தலைவராக இருந்த கார்லோஸ் கோஸ்ன், டட்சன் என்ற பெயர் மீண்டும் வரும் என்று அறிவித்தார். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, பிறகு தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் முதல்முறை கார் வாங்குவோருக்கான மலிவு விலைக் கார் அது. 2014 மார்ச்சில் 'டட்சன் கோ' சுமார் 3.12 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. மைக்ரா காரில் இருந்த அதே 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், 68 குதிரைத்திறன். எடை குறைவாதலால் வண்டி துள்ளிப் பாய்ந்தது. முகப்பில் உருவம் இல்லாவிட்டாலும் முயல் உள்ளே இருந்தது. கியர் தண்டு தரையில் இல்லாமல் முன்பலகையிலிருந்து நீண்டிருந்தது. பாட்டுப்பெட்டிக்கு மாற்றாகக் கைப்பேசியைச் செருகி வைக்க ஓர் இடம். சித்தப்பாவுக்கு இந்தச் சிக்கனம் பிடித்திருந்தது. மிஷன் வீதியின் நெரிசலிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டும் நீண்ட ஓட்டத்திலும் அது அவரைக் கைவிட்டதில்லை.

அவ்வாண்டு நவம்பரில் ஒரு செய்தி வந்தது. உலகக் கார்ப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு, டட்சன் கோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு அது பெற்ற மதிப்பெண் சுழியம். காற்றுப்பை இல்லை என்பது மட்டுமன்று, காற்றுப்பை வைத்தாலும் பெரிய பயன் இராத அளவுக்குக் கூடு உறுதியற்றது என்பது அவர்களின் முடிவு. அமைப்பின் தலைவர் மாக்ஸ் மோஸ்லி, அக்காரை விற்பனையிலிருந்து விலக்குமாறு கோஸ்னுக்கே கடிதம் எழுதினார். இந்திய விதிகளுக்கு வண்டி உட்பட்டதே என்று நிறுவனம் விடையளித்தது. அதுவும் உண்மைதான். அன்று இந்தியாவில் மோதல் சோதனை கட்டாயமில்லை. அதே ஆண்டில் சோதிக்கப்பட்ட வேறு பல இந்தியக் கார்களும் சுழியமே பெற்றன.

இந்த இடத்தில்தான் பெயரின் கதை வெறும் சுவையான கதையாக இல்லாமல் போகிறது. அமெரிக்காவில் வாடிக்கையாளரின் ஒவ்வொரு குறையையும் கேட்டுத் திருத்தித் திருத்தி அந்தப் பெயருக்கு மதிப்புத் தேடித் தந்தார் ஒருவர். அதே பெயரை, விதி தளர்வாக இருந்த நாடுகளுக்கான மலிவுச் சீட்டாக எடுத்து ஒட்டினார்கள் பின்வந்தவர்கள். பழைய நினைவை நம்பி வந்தவருக்குப் பழைய உழைப்பு கிடைத்ததா என்று யாரும் பார்க்கவில்லை. குற்றம் ஒரு நிறுவனத்தின் தலையில் மட்டும் இல்லை. விதி எழுதவேண்டிய அரசும், அதைக் கேட்டிருக்க வேண்டிய நாமும் அதில் பங்காளிகள். 2017 அக்டோபரில் புதிய கார்களுக்கு மோதல் சோதனை கட்டாயமானது. 2018இல் வந்த திருத்தப்பட்ட கோவில் இரண்டு காற்றுப்பைகள் எல்லா வகைகளிலும் இருந்தன.

செய்தியை நான் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், "பேரு மட்டும் இருந்தா ஆச்சாப்பா? பேரைக் காப்பாத்தற ஆளும் இருக்கணும்ல" என்றார். அன்று முதல் பேரப்பிள்ளைகள் வண்டியில் இருந்தால் ஐம்பதுக்கு மேல் அவர் போவதில்லை.

*

'கோ பிளஸ்' 2015இல் வந்தது. ரெனோவின் க்விட் காரோடு ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட 'ரெடி-கோ' 2016இல் வந்தது. எதிர்பார்த்த விற்பனை எங்கும் அமையவில்லை. ரஷ்யாவிலும் இந்தோனேசியாவிலும் 2020இல் கடையைக் கட்டினார்கள். பெயருக்கு மறுவாழ்வு தந்த கோஸ்ன், 2018 நவம்பரில் நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டில் ஜப்பானில் கைதாகி, அடுத்த ஆண்டு இறுதியில் அங்கிருந்து தப்பி லெபனான் சென்றார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்து வருகிறார். 2022 ஏப்ரலில் இந்தியாவிலும் தயாரிப்பு நின்றதாக அறிவிப்பு வெளியானது. பழுதுபார்ப்பும் உதிரிபாகங்களும் தொடரும் என்ற உறுதிமொழியோடு. டட்சன் இரண்டாம் முறையாக மறைந்தது. 2025இல் ஒரகடம் ஆலையில் நிஸான் வைத்திருந்த பங்குகளையும் ரெனோவே வாங்கிக்கொள்ள, ஆலை முழுமையாகப் பிரெஞ்சுக் கைக்குப் போயிற்று.

சித்தப்பாவின் வண்டி இன்னும் ஓடுகிறது. எஞ்சின் மைக்ராவுடையதேயாதலால் எங்கள் பகுதி மெக்கானிக்குக்கு அதில் புரியாதது எதுவுமில்லை. பதினைந்து ஆண்டு நிறைந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காலம் 2029இல் வரும். அதுவரை ஓட்டினால் போதும் என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது புதுப்பித்துவிடலாம் என்கிறார்.

சென்ற வாரம் எதிர்வீட்டுச் சிறுவன் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டான். இம்முறை சித்தப்பா அவனைத் திண்ணையில் உட்கார வைத்து, மூன்று நண்பர்களின் பெயரிலிருந்து தொடங்கினார்.