மாடிப்படி ஏறிச் சென்ற செய்தி
1918-இல் நியூயார்க் குடியேறிகளும் இன்ஃபுளூயன்சாவும்

1918-ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய இன்ஃபுளூயன்சாக் கொள்ளைநோயில் நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பேரழிவைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் இறந்தோர் எண்ணிக்கையையே பேசுவர். நோயைப் பற்றிய எச்சரிக்கை, அரசின் மொழியை அறியாத மக்களிடம் எவ்வாறு சென்று சேர்ந்தது என்பது அத்துணை பேசப்படாத பகுதி. அதனை ஆராய்வதற்கு ஏற்ற நகரம் அக்காலத்து நியூயார்க். ஐம்பது இலட்சத்தைத் தாண்டிய அந்நகர மக்களுள் மூவரில் ஒருவருக்கும் மேலானோர் அயல்நாட்டில் பிறந்தவர்கள்.

அவர்களுள் பெருந்தொகையினர் இருவகையினர்: ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து இத்திஷ் மொழி பேசிய யூதர்; தென் இத்தாலியிலிருந்தும் சிசிலித் தீவிலிருந்தும் வந்தவர். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ஐந்தாறு மாடிகள் கொண்ட நெருக்கமான குடியிருப்புகளில், காற்றும் வெளிச்சமும் அரிதான அறைகளில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். நோயாளியைத் தனியறையில் வைக்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் அறிவுரை. தனியறைக்கு எங்கே போவது?

நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் செயலற்று இருந்துவிடவில்லை. செப்டம்பர் மாதம் இந்நோயைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார். இரயில்களில் நெரிசலைக் குறைக்க, கடைகளும் அலுவலகங்களும் வெவ்வேறு நேரங்களில் திறக்குமாறு அக்டோபரில் ஆணையிட்டார். இருமும்போது வாயை மூடுக, பொதுவிடத்தில் துப்பாதே, நோயுற்றால் படுக்கையில் இரு என்னும் அறிவுரைகள் ஆங்கிலத்தோடு இத்திஷிலும் இத்தாலியத்திலும் அச்சிடப்பட்டன. காசநோயை எதிர்த்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வாறு துண்டறிக்கை வழங்கிப் பழகிய துறை அது.

ஆயினும் அச்சிட்டதெல்லாம் படிக்கப்படுவதில்லை. தென் இத்தாலியிலிருந்து வந்த பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் எழுத்தறியாதவர். எழுத்தறிந்தவருக்கும் அறிக்கையின் இத்தாலியம் வீட்டுமொழி அன்று. சிசிலியரும் நாப்பொலியரும் வீட்டில் பேசியது வேறு. அறிக்கையில் இருந்தது டஸ்கனி வழிவந்த நூல்நடை. நூல்மொழிக்கும் அடுப்படிப் பேச்சுக்கும் உள்ள தொலைவு தமிழருக்குப் புதிதன்று. மொழிபெயர்ப்பு முடிந்தது என்று துறை மனநிறைவு கொண்ட இடத்தில்தான் உண்மையான மொழிபெயர்ப்பு தொடங்க வேண்டியிருந்தது.

இதனினும் பெரிய தடை அச்சம். 1892-இல் மஸ்ஸிலியா என்னும் கப்பலில் வந்த யூதக் குடியேறிகளிடையே டைபஸ் காய்ச்சல் கண்டபோது, நோயுற்றோரையும் அவர்களோடு பழகிய நூற்றுக்கணக்கானோரையும் திரட்டிச் சென்று, கிழக்காற்றின் நடுவிலுள்ள நார்த் பிரதர் தீவில் அடைத்தனர். 1916-இல் நகரில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் போலியோ தாக்கியது. புரூக்ளின் இத்தாலியரே நோயைக் கொணர்ந்தனர் எனப் பழி சுமத்தினர். பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். இரண்டே ஆண்டுகள் கழித்து அதே துறையின் ஆள் கதவைத் தட்டும்போது ஒரு தாய் என்ன நினைத்திருப்பாள்? குழந்தையின் காய்ச்சலை மறைப்பதே காப்பு என அவள் கருதியிருந்தால் அதை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. பட்டறிவு அவளுக்குக் கற்பித்த பாடம் அது.

அக்கதவுகள் வேறொருவருக்குத் திறந்தன. 1893-இல் லில்லியன் வால்டு என்னும் இளம் செவிலியர், குடியேறிய பெண்களுக்கு வீட்டுச் செவிலிமுறை கற்பித்துக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி வந்து, தன் தாய் நோயுற்றுக் கிடப்பதாகச் சொல்லி அவரை அழைத்துச் சென்றாள். அன்று கண்ட காட்சியே ஹென்றி தெரு இல்லத்துக்கு வித்திட்டது. அங்கிருந்து புறப்பட்ட செவிலியர், இயன்றவரிடம் சிறு தொகை பெற்றும் இயலாதவரிடம் ஏதும் பெறாமலும் வீடு வீடாகச் சென்றனர். ஒவ்வொரு கட்டடத்திலும் படியிறங்கி ஏறும் களைப்பைத் தவிர்க்க, மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி தாண்டிச் செல்வதும் உண்டு. கையில் பையோடு கூரைச்சுவரைக் கடக்கும் செவிலியின் நிழற்படம் ஒன்று இன்றும் புகழ்பெற்றது. கால் நூற்றாண்டாகப் பிள்ளைப்பேற்றிலும் காய்ச்சலிலும் உடனிருந்தவர்களை அம்மக்கள் அறிவர்.

1918 அக்டோபரில் செவிலியர் அமைப்புகள் ஒன்றுகூடி அவசரக் குழு அமைத்தன, வால்டு தலைமையேற்றார். போர்முனைக்குப் பலர் சென்றுவிட்டதால் செவிலியர் போதவில்லை. ஐந்தாம் நிழற்சாலைக் கடைகளின் வாயிலில் பெண்கள் நின்று, தொண்டுக்கு வருமாறு அழைக்கும் துண்டறிக்கைகளை வழங்கினர். சமையல் தெரிந்தவர், தொலைபேசியில் பேசக்கூடியவர், மகிழுந்து உடையவர் என எவர் வந்தாலும் அவருக்கு வேலை இருந்தது.

பள்ளிகளை மூடாதது கோப்லாண்டின் மற்றொரு முடிவு. நெரிசலான வீட்டைவிட வகுப்பறையே மேல். அங்கே நாள்தோறும் பிள்ளைகளைச் சோதிக்கலாம் என்பது அவர் வாதம். குழந்தைநலப் பிரிவின் தலைவர் ஜோசபின் பேக்கரும் அக்கருத்தினரே. அவர் முன்னரே குடியேறிகளின் மகள்களைச் 'சிறுதாயர் சங்கம்' என்று அமைத்துக் குழந்தை வளர்ப்பைக் கற்பித்து, அவர்கள் வழியே அன்னையருக்கு அறிவூட்டியவர். பயனுள்ள வழிதான், ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண் தன் தந்தையின் நோய் கடுமையானது என்பதைத் தாய்க்குத் தானே மொழிபெயர்த்துச் சொல்ல நேர்வது எத்தகைய சுமை என்பதையும் எண்ண வேண்டும்.

சொல்வதற்கு இருந்த செய்தியும் சிறிதே. நோய்க்குக் காரணமான வைரஸ் மனிதரிடம் கண்டறியப்பட்டது 1933-இல்தான். 1918-இல் மருத்துவர் பலர் ஒரு பாக்டீரியாவையே குற்றம் சாட்டினர். மருந்து இல்லை. படுக்கை, தண்ணீர், கஞ்சி, தூய துணி, திறந்த சன்னல், அருகே ஒரு மனிதர் இவையே சிகிச்சை. இவற்றைத் தாளில் படித்து அறிவது கடினம். ஒருவர் செய்துகாட்டக் காண்பது எளிது.

நியூயார்க்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களோடு ஒப்பிட அதன் இறப்பு விகிதம் குறைவே. அதைத் துண்டறிக்கைகளின் வெற்றி என்பது மிகை. இத்தாலியர் பகுதிகளில் சாவு மிகுதியாகவே இருந்தது. நோய் தணிந்தபின்னும் ஹென்றி தெருச் செவிலியரின் பணி தணியவில்லை. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்கள் வாழ்ந்த வீடுகளும் அதே மாடிப்படிகளுக்கு மேல்தான் இருந்தன.