எட்டுகிற கிளை

லட்சியம் என்றாலே அது வானத்தைத் தொடவேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எட்டுகிற காரியத்தை ஒருவன் சொன்னால், "பூ, இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். அப்படி எட்டுகிற காரியத்தைத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரைப்பற்றிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

1787-ஆம் வருஷம் மே 22-ஆம் தேதி. லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் அவர்கள் கூடினார்கள். ஒன்பது பேர் குவேக்கர்கள் என்ற சிறு மதப் பிரிவினர்; பார்லிமெண்டில் அமர முடியாதவர்கள். மற்ற மூவரில் ஒருவர் கிரான்வில் ஷார்ப். இன்னொருவர் இருபத்தேழு வயது இளைஞர் தாமஸ் கிளார்க்ஸன்.

அவர்கள் முன் ஒரு கேள்வி நின்றது. அடிமைத்தனத்தையே ஒழிக்கக் கிளம்புவதா, அடிமை வியாபாரத்தை மட்டும் ஒழிப்பதா? அடிமைகளை விடுதலை செய் என்றால், "என் சொத்தைப் பறிக்கிறாயா?" என்று தோட்ட முதலாளிகள் கிளம்புவார்கள். வியாபாரத்தைத் தடுக்கவோ பார்லிமெண்டுக்கு ஐயமற்ற அதிகாரம் உண்டு. புதிய அடிமைகள் வராவிட்டால் இருப்பவர்களை எஜமானர்கள் பரிவாக நடத்துவார்கள் என்றும் கணக்குப் போட்டார்கள். ஷார்ப் மட்டும் இசையவில்லை. மரம் விஷமென்று தெரிந்தபின் கிளையை வெட்டுவானேன் என்பது அவர் கட்சி. ஆனால் கமிட்டி கிளையையே தேர்ந்தது.

கிளார்க்ஸன் துறைமுகம் துறைமுகமாக அலைந்து சாட்சியங்களைத் திரட்டினார். ஒரு கப்பலில் 482 மனிதர்களை மூட்டைகளைப்போல் அடுக்கிய படம் அச்சாகி வீடு வீடாகப் போயிற்று. இருபது வருஷம் போராடி, 1807-இல் பிரிட்டிஷ் அடிமை வியாபாரத்துக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது.

ஜெயம்தான். ஆனால் எஜமானர்களின் மனம் இளகும் என்ற கணக்கு பொய்த்தது. ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களில் சாட்டை ஓயவில்லை. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே அடிமைகளே கிளர்ந்தெழுந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான், 1833-இல், விடுதலைச் சட்டம் வந்தது. எஜமானர்களுக்கு நஷ்டஈடு இரண்டு கோடி பவுன். அடிமைப்பட்டவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. கம்பெனி ஆண்ட நம் நாட்டையும் இலங்கையையும் அந்தச் சட்டம் ஒதுக்கியே வைத்தது. இந்தியாவுக்கான சட்டம் 1843-இல்தான் வந்தது.

அப்படியானால் ஷார்ப் சொன்னதுதான் சரியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளையை வெட்டக் கற்றவர்களே பின்னால் மரத்தையும் வெட்ட வந்தார்கள். மனுக்கள் எழுதவும் கூட்டம் கூட்டவும் அந்த முதல் போராட்டம்தான் ஜனங்களுக்குப் பழக்கிற்று. ஆனால் ஒன்று: 1807-க்கும் 1833-க்கும் இடையே இருபத்தாறு வருஷம். காத்திருந்தது கமிட்டிக்காரர்கள் அல்ல. கரும்புக் காட்டில் பிறந்து, அங்கேயே மண்ணோடு மண்ணானவர்கள். எட்டுகிற லட்சியத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர்கள் அதைத் தீர்மானித்தவர்கள் அல்லர்.

1948-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் வந்தது. அதன் நான்காவது விதி அடிமைத்தனம், அடிமை வியாபாரம் இரண்டையும் சேர்த்தே தடை செய்கிறது. அச்சுக்கூடத்தில் பிரிந்த இரண்டு காரியங்களும் 161 வருஷத்துக்குப் பின் இந்த ஒரே விதிக்குள் சேர்ந்து நின்றன. அதற்கும் பிறகு, 1981-இல்தான், மாரிட்டேனியா தேசம் அடிமைத்தனத்தைச் சட்டப்படி ஒழித்தது.

எட்டுகிற கிளையை வெட்டுவதில் பிழையில்லை. வெட்டியதும் கோடரியைக் கீழே வைத்துவிடாமல் இருந்தால் சரி.