உணவுப்பட்டியலின் காலம் எது?

ஃபிராங்க் பட்டால்ஃப் என்னும் பெண்மணி 1900இல் நியூயார்க் பொது நூலகத்திற்காக உணவகப் பட்டியல்களைத் திரட்டத் தொடங்கினார். ஏறத்தாழ 25,000 தாள்கள் சேர்ந்தன. அவருடைய நாட்டம் உணவில் அன்று, வரலாற்றில்.

அவ்வழி வந்த சேகரிப்பாளர் ஒருவர் ஜானி ராக்கெட்ஸ் பர்கர் உணவகத்திற்குச் சென்று, அதன் தாள் பட்டியலை மடித்து எடுத்துவருவதாகக் கொள்வோம். சிவப்பு இருக்கைகள், குரோமியப் பளபளப்பு, ஜூக்பாக்ஸ் யாவும் 1940களின் சாயல். உணவகமோ 1986இல் லாஸ் ஏஞ்சலஸின் மெல்ரோஸ் அவென்யூவில் தோன்றியது. ஆகவே அத்தாள் 1940களுக்குச் சான்றன்று. அக்காலத்தைப் பிற்காலத்தார் எவ்வாறு நினைவுகூர விரும்பினர் என்பதற்கே சான்று.

விரும்பாதது விடுபட்டது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் அசல் பட்டியல்களும் விலையைக் கூறினவேயன்றி, யாருக்குப் பரிமாறப்படும் என்பதைக் கூறவில்லை. கூறத் தேவையும் இருக்கவில்லை. அது ஊரறிந்த செய்தி. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர் நால்வர் உல்வொர்த் கடையில் பற்பசை முதலியவற்றை வாங்கினர், காசு பெற்றுக்கொள்ளப்பட்டது. பின்னர் அதே கடையின் உணவுக் கவுண்டரில் அமர்ந்து காப்பி கேட்டனர், மறுக்கப்பட்டது. அக்கவுண்டரின் ஒரு பகுதி, நான்கு இருக்கைகளுடன், இன்று வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.