குரோம்பேட்டையும் ராக்கெட் விமானங்களும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். ஒரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம், மறுபக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். தலைக்கு மேல் எப்போதும் விமானச் சத்தம் கேட்கும் இந்தப் பகுதிக்கும், ஒலியைப் போல ஆறு மடங்கு வேகத்தில் பறக்கும் ஊர்திகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருக்கும் எம்.ஐ.டி. கல்லூரி. அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி.

அந்தக் கதைக்குப் போகும் முன், ராக்கெட் விமானம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

ராக்கெட் விமானம்

சாதாரண ஜெட் விமானம் எரிபொருளை மட்டும்தான் சுமந்து செல்லும். எரிப்பதற்கான ஆக்சிஜனை வழியில் உள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். ராக்கெட் விமானம் இரண்டையும் தானே சுமக்கும். அதனால் காற்றே இல்லாத உயரத்துக்கும் போகலாம். ஆனால் எரிபொருள் ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துவிடும்!

1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் சக் யீகர், எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தில் முதன்முதலாக ஒலியின் வேகத்தைத் தாண்டினார். அதன் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்கது எக்ஸ்-15. 1959 முதல் 1968 வரை 199 முறை பறந்தது. பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்குக் கீழே தொங்கியபடி சுமார் 13 கிலோமீட்டர் உயரம் போய், அங்கிருந்து விடுவிக்கப்பட்டுத் தன் எஞ்சினை இயக்கும். 1963 ஆகஸ்ட் 22 அன்று ஜோ வாக்கர் அதை 108 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். 1967 அக்டோபர் 3 அன்று பீட் நைட் மணிக்கு 7,274 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். ஒலியைப் போல 6.7 மடங்கு, அதாவது மாக் 6.7. மாக் 5-க்கு மேல் போனால் அதை ஹைபர்சானிக் என்பார்கள்.

சாதனைகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எக்ஸ்-15 விட்டுச்சென்ற உண்மையான சொத்து மூன்று கேள்விகள்.

ஒன்று, வெப்பம். அந்த வேகத்தில் முன்னால் உள்ள காற்று அழுத்தப்பட்டு, விமானத்தின் தோலையே பழுக்கக் காய்ச்சிவிடும். அலுமினியம் தாங்காது. எக்ஸ்-15-க்கு இன்கோனல்-எக்ஸ் என்ற நிக்கல் உலோகக் கலவை தேவைப்பட்டது.

இரண்டு, கட்டுப்பாடு. காற்று இல்லாத இடத்தில் வால் பகுதியும் இறக்கையும் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது! மூக்கிலும் இறக்கையிலும் சிறு ராக்கெட்டுகள் வைத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது.

மூன்று, திரும்பி வருவது. எஞ்சின் அணைந்தபின் அது வெறும் கிளைடர். தரையிறங்க ஒரே ஒரு வாய்ப்புதான்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் ஓட்டிய எக்ஸ்-15 உயரத்தில் கட்டுப்பாடு இழந்து சுழன்று உடைந்தது. அவர் உயிரிழந்தார்.

ஆனால் கற்ற பாடம் வீணாகவில்லை. எக்ஸ்-15 ஓட்டிய ஜோ எங்கிள், 1981 நவம்பரில் கொலம்பியா விண்வெளி ஓடத்தின் இரண்டாவது பயணத்துக்குத் தலைமை தாங்கினார். ஒரு தலைமுறையின் அனுபவம் அடுத்த ஊர்திக்குள் ஆளோடு சேர்ந்தே ஏறியது. அறிவு வரைபடத்தில் மட்டும் இருப்பதில்லை, மனிதர்களில் இருக்கிறது. அந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும்? அதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

எம்.ஐ.டி.யில் இரண்டு பழைய விமானங்கள்

தொழிலதிபர் சி.ராஜம் 1949-ல் தொடங்கிய கல்லூரி எம்.ஐ.டி. 1950களின் நடுவில் ராமேசுவரத்திலிருந்து ஒரு மாணவர் அங்கே சேர வந்தார். சேர்க்கைக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தார். அந்த மாணவர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம். கல்லூரியில் விளக்கத்துக்காக வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்ததாகத் தன் சுயசரிதையில் சொல்கிறார்.

அந்தக் காலத்து எம்.ஐ.டி. பற்றி எழுதும்போது கலாம் இன்னொரு பெயரையும் குறிப்பிடுகிறார்: கூர்ட் டாங்க். இரண்டாம் உலகப்போரின் பெயர்பெற்ற ஜெர்மன் போர் விமானமான ஃபோக்க-உல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர். போர் முடிந்தபின் அர்ஜென்டினா போய், பிறகு இந்தியா வந்தவர்.

கல்லூரி இயக்குநர் சீனிவாசன், தாழ்வாகப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலையைக் கலாமுக்கும் நான்கு சக மாணவர்களுக்கும் கொடுத்தார். வேலை நகரவில்லை. கலாம் ஒரு மாதம் அவகாசம் கேட்டார். இயக்குநர் தந்ததோ மூன்றே நாள்! முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவெல்லாம் தூங்காமல் வரைந்து முடித்தார்.

அறுந்த சங்கிலி

கூர்ட் டாங்க் பெங்களூர் ஹிந்துஸ்தான் நிறுவனத்துக்குப் போய் ஹெச்.எஃப்-24 மாருத் போர் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17 அன்று அது பறந்தது. ஒலியை விட இரு மடங்கு வேகம் என்பதே திட்டம். ஆனால் அதற்கேற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவில்லை. உடல் தயார், இதயம் இல்லை! இருந்தும் 147 விமானங்கள் கட்டப்பட்டு, 1971 போரிலும் பங்கேற்றன.

மாருத்தின் இடத்தில் அடுத்த போர் விமானத்தை உடனே வடிவமைக்கவில்லை. இந்தியா வடிவமைத்த அடுத்த போர் விமானமான தேஜஸ் பறந்தது 2001 ஜனவரி 4 அன்று. இடையில் ஏறக்குறைய 40 ஆண்டுகள்! மாருத்தில் கற்றவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். பலவற்றை முதலிலிருந்து கற்க வேண்டியதாயிற்று.

அறாத சங்கிலி

கலாமின் கதை வேறு வழியில் போனது. விமானி ஆகத்தான் அவருக்கு ஆசை. டேராடூன் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை! விமானத்தை விட்டவர் ராக்கெட்டைப் பிடித்தார். தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்படுவதற்கு முன், நாசாவில் பயிற்சிக்குப் போனார். முதலில் போன இடம் லாங்லி ஆய்வு மையம். எக்ஸ்-15-இன் ஆரம்ப வடிவமைப்பு ஆய்வுகள் நடந்த அதே மையம்.

பிறகு விக்ரம் சாராபாய் ஒரு வேலை கொடுத்தார். இமயமலையின் குட்டையான ஓடுதளங்களிலிருந்து போர் விமானங்கள் எழும்ப உதவும் ராக்கெட் மோட்டார், சுருக்கமாக 'ராட்டோ'. 1972 அக்டோபர் 8 அன்று பரேலி விமானப்படைத் தளத்தில் அதைப் பொருத்திய சுகோய் ஜெட், வழக்கமான 2 கிலோமீட்டருக்குப் பதில் 1,200 மீட்டர் ஓடியே எழும்பியது. வெளிநாட்டு மோட்டார் ஒன்று 33,000 ரூபாய், நம்முடையது 17,000 ரூபாய் என்று கலாம் கணக்கு சொல்கிறார். ஒரு வகையில் இது அரை ராக்கெட் விமானம்தான்!

அடுத்து 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3 வெற்றி. 1989 மே 22 அன்று அக்னி ஏவுகணை. வளிமண்டலத்துக்குள் மீண்டும் நுழையும்போது எரியாமல் இருக்க, அதன் முனைக்குக் கார்பன் கலப்புப் பொருளாலான கவசம் செய்யப்பட்டது. எக்ஸ்-15-இன் முதல் கேள்விக்கு நம் ஊர் விடை அது. ராக்கெட் துறையில் ஒரு வேலை முடியும் முன்பே அடுத்தது தொடங்கியது. சங்கிலி அறவில்லை.

மறுபடியும் இறக்கைகள்

2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சிறு விமானம் ராக்கெட்டின் தலையில் ஏறி 65 கிலோமீட்டர் உயரம் போனது. பெயர் ஆர்.எல்.வி-டி.டி. மாக் 5 வேகத்தில் காற்றுக்குள் திரும்பி, வெப்பத்தைத் தாங்கி, 450 கிலோமீட்டர் தொலைவில் வங்காள விரிகுடாவில் இறங்கியது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் அது பதில்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் 2023 ஏப்ரல் 2 அன்று. கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் சினூக் ஹெலிகாப்டர் அதன் இன்னொரு மாதிரியை 4.5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விடுவித்தது. அது தானாகவே ஓடுதளத்தில் இறங்கியது. பி-52 இருந்த இடத்தில் ஹெலிகாப்டர், விமானி இருந்த இடத்தில் கணினி. மற்றபடி அதே பழைய பாடம்! 2024-ல் இன்னும் இரண்டு முறை வெற்றி.

காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கும் ஸ்கிராம்ஜெட் எஞ்சினை இஸ்ரோ 2016 ஆகஸ்ட் 28 அன்று மாக் 6 வேகத்தில் 5 விநாடி எரித்தது. 2020 செப்டம்பர் 7 அன்று டி.ஆர்.டி.ஓ.வின் ஊர்தியில் அத்தகைய எஞ்சின் 20 விநாடிக்கு மேல் எரிந்தது. ஏவிய இடம் ஒடிசா கடலோரம், அப்துல் கலாம் தீவு. 2025 ஏப்ரலில் ஹைதராபாத்தில் நடந்த தரைச் சோதனையில் எரிகலன் 1,000 விநாடிகளைத் தாண்டியது.

இந்தியர் யாரும் எக்ஸ்-15 போன்ற ஊர்தியில் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் அந்த மூன்று கேள்விகளும் இங்கே வந்து சேர்ந்தன. விலைக்கு வாங்கியதால் அல்ல, ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்ததால். மாருத்தில் அது நின்றது. ராக்கெட்டில் நிற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

1978-ல் எம்.ஐ.டி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி-யில் போன 40 கிலோ எடையுள்ள அனுசாட், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள். அதை உருவாக்கியது இதே குரோம்பேட்டை வளாகம். இரண்டு பழைய விமானங்களில் தொடங்கிய சங்கிலியில் அதுவும் ஒரு கண்ணி. அடுத்த கண்ணி இப்போது வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர்.