வேலை நேரத்தை முடிவு செய்வது யார்?



கூலியைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். வேலை நேரத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. எத்தனை மணிக்குத் தொடங்குவது, எப்போது முடிப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம் பிந்தி வரலாமா? இவற்றை முடிவு செய்யும் உரிமை முன்பு யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் இருக்கிறது என்பதை இப்பொழுது ஆராய்வோம்.

ரப்பர்த் தோட்டத்தில் நேரத்தை முதலில் வகுத்தது மரமேயாகும். விடியற்காலைக் குளிர்ச்சியில் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவேதான் நம் பெற்றோர் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடினர். தாய்மார் தூங்கும் பிள்ளையைத் தூக்கிப்போய் ஆயாக் கொட்டகையில் விட்டனர். இதற்காக மரத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மரம் கேட்டதற்கு மேலும் மனிதர்கள் கேட்டார்கள் என்பதே வரலாறு.

ஒப்பந்தக் கூலி முறையில் வேலைக்கு வராமல் இருப்பது தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்பட்டது. அதற்காகச் சிறை சென்றவர்களும் உண்டு. 1910-ஆம் ஆண்டில் அம்முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆயினும் கங்காணி முறையிலும் தொழிலாளியின் நாள் அவன் கையில் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, பத்து முதல் பன்னிரண்டு மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பதாகும். அதற்குக் கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு. தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1957 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த வேலைச் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று எல்லை வகுத்தது. வாரத்தில் ஒருநாள் ஓய்வும் உறுதியாயிற்று. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் பெண்களை வேலை வாங்கலாகாது, சிறப்பு அனுமதி இருந்தாலன்றி என்றும் விதிக்கப்பட்டது. இவை பெரிய வெற்றிகளே. எனினும் அந்த எல்லைக்குள் எந்த மணி என்பதை நிர்வாகமே முடிவு செய்தது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். தோட்டத்தில் வேலை நாள் மாறாமல் இருந்ததில்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. நிர்வாகத்திற்கு வசதியான நெகிழ்ச்சி அன்றே இருந்தது; அதன் இழப்பைத் தொழிலாளியின் அடுப்பங்கரை தாங்கியது. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் மாதச் சம்பளம் கேட்டு நெடுங்காலம் போராடியதன் காரணம் இதுவே. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன்னால் தள்ளப்பட்டன. மரம் அரைமணி முன்னதாகப் பால் கொடுக்கவில்லை. கடிகாரம் மனிதர் வகுத்த ஏற்பாடு. மாற்றவும் முடியும் என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

தொழிலாளியின் வசதிக்காக நேரத்தை மாற்றும் எண்ணமும் புதியதன்று. 1967-இல் மேற்கு ஜெர்மனியில், மியூனிக் நகருக்கு அருகே ஒரு விமானத் தொழிற்சாலையில், காலை நெரிசலைக் குறைக்க ஒரு வழி கண்டனர். நாளின் நடுப்பகுதியில் எல்லாரும் இருக்க வேண்டும். வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் அவரவர் தேர்ந்துகொள்ளலாம். இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் நாள் திருத்தப்பட்ட வேலைச் சட்டம் நடப்புக்கு வந்தது. வார வேலை நேரம் 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பெண்களின் இரவு வேலைத் தடை நீக்கப்பட்டது. அத்துடன் வேலை நேரத்தையோ, வேலை நாளையோ, வேலை இடத்தையோ மாற்றித் தருமாறு தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்றும் சட்டம் கூறுகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று இச்சட்டம் சொல்லவில்லை என்பதையும் மறக்கலாகாது. பால் வெட்டுபவர் மரத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவர ஒரு மணி பிந்தித் தொடங்கக் கேட்கலாம். நோயுற்ற தாயைக் கவனிக்கும் மகன் வேலை நாளை மாற்றக் கேட்கலாம்.

ஆகவே நேயர்களே, வாயால் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். என்ன மாற்றம், எந்த நாள் முதல், ஏன் என்று எழுதிக் கொடுங்கள். தேதியிட்டு ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். எழுத இயலாத பெரியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். சங்கம் இருந்தால் அதற்கும் தெரிவியுங்கள். 1941-இல் கேட்டதற்காக உயிர் கொடுத்தார்கள். இன்று கேட்பதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அவ்வழியைப் பயன்படுத்துவது நம் கடமையாகும்.